அலுமாரிக்குள் இருந்த புது ஊசி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆவணி மாதச் சனிக்கிழமை பின்னேரம், திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் நடந்தது இது. என் மகளுக்கு அப்போது பதினாறு வயது. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருந்தாள்.

அவளுக்கு இறால் ஆகாது. கொஞ்சம் சொறியும், தடிக்கும் என்கிற ஆகாது அல்ல. நாலு வயதில் சாம்பல்தீவில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் யாரோ அன்பு மிகுதியில் அரைக் கரண்டி இறால் சொதியை அவளுடைய சோற்றில் விட்டுவிட்டார்கள். கால் மணித்தியாலத்துக்குள் உதடு வீங்கி, கண் மூடி, மூச்சு இழுத்து, பிள்ளை என் தோளில் துவண்டு போனாள். அன்றைக்குப் பிழைத்தது பெரிய காரியம். அதற்குப் பிறகு எங்கள் குசினிக்குள் இறாலும் நண்டும் வந்ததில்லை. சுற்றிவரக் கடலை வைத்துக்கொண்டு இறால் வாசமே இல்லாமல் வாழ்கிற ஒரே குடும்பம் நாங்கள்தான் என்று மனைவி பகிடி பண்ணுவாள். எனக்கு அது ஒருநாளும் பகிடியாகப் பட்டதில்லை.

உண்மையைச் சொன்னால் நான் ஒரு பயந்தாங்கொள்ளி. ஆனால் என்னுடைய பயம் வெளியே வரும்போது கோபமாகத்தான் வரும். பாடசாலைச் சுற்றுலா என்றால் கத்துவேன். சிநேகிதியின் பிறந்தநாள் என்றால் கத்துவேன். கத்திவிட்டு நானும் கூடப் போய், அந்த வீட்டு வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பேன். என்னைக் கண்டால் அவளுடைய சிநேகிதிகள் "சிஐடி வந்திட்டார்" என்று சிரிப்பார்களாம். மகள் அதைச் சொல்லும்போது தானும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் எவ்வளவு வெட்கம் இருந்தது என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

அந்த வருடம் உப்புவெளிக் கடற்கரையில் ஓர் இசை விழா வைத்தார்கள். கொழும்பிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் பாட்டுக் குழுக்கள் வருகின்றன, பின்னேரம் மூன்று மணிக்குத் தொடக்கம் என்று மதில்களில் எல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மகள் என்னிடம் கேட்கவில்லை. தாயிடம் கேட்டாள். தாய் என்னிடம் சொன்னாள். நான் வழமைபோல வீடு அதிரக் கத்தினேன். மூன்று நாள் மகள் என்னுடன் கதைக்கவில்லை. நாலாம் நாள் மனைவி தேத்தண்ணிக் கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டு, "இஞ்சாருங்கோ, பதினாறு வயசுப் பிள்ளை. இன்னும் எத்தனை நாளைக்குப் பொக்கற்றுக்குள்ள போட்டுக்கொண்டு திரியப் போறீங்கள்?" என்று கேட்டாள். தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு ஓம் என்றேன்.

ஓம் என்றது சும்மா இல்லை. வெளியில் வாங்கிச் சாப்பிடக் கூடாது. அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை போன் எடுக்க வேண்டும். ஏழு மணிக்கு முன்பு நான் வந்து ஏற்றுவேன். கூடவே, கிண்ணியாவில் இருந்து வரும் அவளுடைய சிநேகிதி ஒரு நிமிடமும் அவளைவிட்டு விலகக் கூடாது. அந்தப் பிள்ளை நல்ல நிதானமானது. மகளுக்கு ஏதும் நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு, ஊசி போடவும் பழகி வைத்திருந்தது.

அந்த ஊசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தடித்த பேனை மாதிரி இருக்கும். மூடியைக் கழற்றித் தொடையில் அழுத்திப் பிடித்தால் மருந்து தானாக உள்ளே இறங்கும். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை மூச்சுக் குழாயைத் திறந்து வைத்திருக்கும். இங்கே அது இலேசில் கிடைக்காது. கனடாவில் இருக்கிற என் தமையன்தான் வருகிற ஆட்களிடம் கொடுத்து அனுப்புவார். அப்போது எங்களிடம் இரண்டு இருந்தன. ஒன்று புதிது, வந்து ஒரு மாதம்தான். மற்றது பழையது. அதன் திகதி முடிந்து நாலு மாதம் கடந்திருந்தது.

எங்கள் வீட்டில் வெளிநாட்டுச் சாமானுக்கு ஒரு விதி உண்டு. உங்கள் வீட்டிலும் இருக்கும், இல்லையென்று சொல்லாதீர்கள். நல்ல துவாய் வந்தால் விருந்தினர் வரும்வரை அலுமாரிக்குள். சென்ற் போத்தல் வந்தால் கலியாண வீடு வரும்வரை அலுமாரிக்குள். சொக்கிலேற்கூட வெளிறிப்போகும்வரை பிரிஜ்ஜுக்குள் இருக்கும். புது ஊசியையும் அப்படித்தான் நான் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன். சனநெரிசலில் பிள்ளை பையைத் தொலைத்துவிட்டால் என்ன செய்வது, வெயிலில் கெட்டுப்போனால் அடுத்ததற்கு எங்கே போவது என்று யோசித்தேன். பழையதை எடுத்து அவளுடைய பைக்குள் வைத்தேன். நாலு மாதத்தில் மருந்து செத்தா போய்விடும், கொம்பனிக்காரன் விற்பதற்காகத் திகதி அடிக்கிறான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான் ஓர் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞர். விண்ணப்பத்தில் திகதி ஒருநாள் பிந்தினாலும் ஆட்களைத் திருப்பி அனுப்புகிறவன்.

அன்று காலையே மனைவி தம்பலகாமத்தில் ஒரு புது வீடு குடிபூரலுக்குப் போய்விட்டாள். மூன்று மணிக்கு நான் பிள்ளைகள் இருவரையும் கடற்கரையில் இறக்கிவிட்டேன். இறக்கிய இடத்திலேயே வரிசையாக இறால் வடை வண்டிகள். ஒவ்வொரு வடையின் நடுவிலும் ஓர் இறால் வாலை நீட்டிக்கொண்டு கிடந்தது. காற்றில்கூட அந்த வாசம். திரும்பி வா என்று கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் மகள் கையைக் காட்டிவிட்டுச் சனத்துக்குள் போய்விட்டாள். அவ்வளவு சந்தோசமாக அவள் நடந்ததை நான் அதற்கு முன்பு கண்டதில்லை.

வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தேன். எழும்பினேன். திரும்ப இருந்தேன். மூன்றரைக்குப் போன் வந்தது, நாலுக்கு வந்தது, நாலரைக்கும் வந்தது. "நான் நல்லா இருக்கிறன் அப்பா, பாட்டுக் கேக்க விடுங்கோ" என்றாள். ஐந்து மணிக்கு வரவில்லை. நான் எடுத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. திரும்ப எடுத்தேன். சத்தத்தில் கேட்டிருக்காது என்று ஒரு மனம் சொன்னது. மற்ற மனம் என்ன சொன்னது என்பதை எழுதக்கூட எனக்கு விருப்பமில்லை. 

ஐந்தேகாலுக்குக் கிண்ணியாப் பிள்ளை எடுத்தது. பின்னால் மேளச் சத்தம். "அங்கிள், உடனே வாங்க. இவக்கு மூச்சு எடுக்க ஏலாம இருக்கு. உதடெல்லாம் வீங்கிட்டு. ஊசி போட்டுட்டன். கொஞ்சம் நல்லா வந்த மாதிரி இருந்திச்சு, இப்ப திரும்ப இழுக்குது."

"அங்கயே நில்லுங்கோ. ஓரிடமும் போகக் கூடாது. நான் வேற ஊசியோட வாறன்" என்று கத்தினேன். அன்று நான் செய்த இரண்டாவது பிழை அது.

அலுமாரிக்கு ஓடினேன். பூட்டியிருந்தது. திறப்புக் கோர்வை மனைவியின் கைப்பையில், தம்பலகாமத்தில்.  பின்வளவுக்கு ஓடி, தேங்காய் உரிக்கிற அலவாங்கைப் பிடுங்கிக்கொண்டு வந்து கதவுக்குள் விட்டு நெம்பினேன். என் கலியாணத்துக்குச் சீதனமாக வந்த தேக்கு அலுமாரி. இலேசில் அசையவில்லை. நான் அழுதுகொண்டே நெம்பினேன். கதவு பிளந்து விழுந்தபோது சென்ற் போத்தல்களும் பீங்கான்களும் சேர்ந்து விழுந்து நொறுங்கின. அந்தக் கண்ணாடிக்குள் இருந்து ஊசியை எடுத்துப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறினேன். அலுமாரிக்கு ஓடும்போது போட்ட போன் கட்டிலிலேயே கிடந்ததை நான் கவனிக்கவில்லை.

உப்புவெளிக்குத் திரும்புகிற இடத்தில் வாகனங்கள் அடைத்துக்கொண்டு நின்றன. ஓட்டோக்கள், வான்கள், வெளியூர் பஸ்கள். இடுக்குக்குள் புகுந்து போனபோது எதிரே ஒரு வெள்ளை வான் ஹோனை விடாமல் அடித்துக்கொண்டு என் பக்கத்துக்கே வந்தது. நான் ஓரம் தள்ளப்பட்டு விழப் பார்த்தேன். அந்த வான்காரனை வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். அதற்குள்தான் என் மகள் கிடந்தாள் என்று எனக்குத் தெரியாது.

அதற்குமேல் மோட்டார் சைக்கிள் நகரவில்லை. மதிலோரம் போட்டுவிட்டு ஓடினேன். மணலில் என்னால் ஓட ஏலாது, ஐம்பதைத் தாண்டிய உடம்பு. மேடையில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். ஆயிரம் பேர் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். என் பிள்ளை எங்கே என்று கேட்டால் யாருக்குக் கேட்கும்? சனத்தை இடித்துக்கொண்டு போனேன். ஓரிடத்தில் ஒரு பாய், அதில் நான் கட்டிக் கொடுத்த சோற்றுப் பார்சல், பக்கத்தில் மகளுடைய ஒற்றைச் செருப்பு. ஆள் இல்லை.

என் உயிர் அந்த இடத்திலேயே போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

பக்கத்தில் இருந்த ஒரு பெண், "அந்தப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போட்டினம். விடுதிக்காரரிட வான்ல" என்றாள். எப்படி இருந்தாள் என்று கேட்டேன். அவள் தன்னுடைய பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்போது ஒருவர் என் முன்னால் வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். எண்ணெய் படிந்த ரீசேட். அவருடைய கையில் மகளுடைய மற்றச் செருப்பு. "நீங்கள் தகப்பனோ? என்ட வண்டியில வாங்கின மரவள்ளிப் பொரியல்தான் பிள்ளை சாப்பிட்டது. இறால் இருக்கோ எண்டு கேட்டது. இல்லையெண்டு சொன்னனான். காலமை அதே எண்ணெயில வடை போட்டது எனக்கு நினைவு வரேல்லை" என்றார். 

நான் அவரைச் சேட்டில் பிடித்துவிட்டேன். என் வாழ்க்கையில் யாரையும் அடித்ததில்லை. அன்று அடித்திருப்பேன். அவர் என் கையைத் தட்டவில்லை. "பிறகு அடியுங்கோ ஐயா. முதல்ல வந்து ஏறுங்கோ, என்ட பைக் அந்தப் பக்கத்தால நிக்குது" என்றார். பாயடியில் கிடந்த ஒற்றைச் செருப்பையும் எடுத்துக்கொண்டு, எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்த வண்டியைப் பக்கத்து வண்டிக்காரரிடம் பார்க்கச் சொல்லிவிட்டு, கடலோர ஒழுங்கை வழியாக என்னை ஏற்றிக்கொண்டு பறந்தார். வழி முழுக்க அவர் வாய்க்குள் ஏதோ நேர்ந்துகொண்டே வந்தார். நானும் நேர்ந்தேன். ஒரு சாமியையும் விட்டுவைக்கவில்லை. பொக்கற்றில் இருந்த ஊசி ஒவ்வொரு குழியிலும் நெஞ்சில் இடித்தது. அது தேவைப்பட்டவள் ஒரு பக்கம், அது ஒரு பக்கம்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவுக் கதவு மூடியிருந்தது. வெளியே போட்டிருந்த வாங்குப் பலகையில் கிண்ணியாப் பிள்ளை தனியாக இருந்தது. முக்காட்டில் எல்லாம் மணல். போட்டு முடிந்த ஊசியை இன்னும் கையில் இறுக்கிப் பிடித்தபடி இருந்தது. என்னைக் கண்டதும் எழும்பி, "நீங்க நிக்கச் சொன்னீங்க அங்கிள். நான் நிக்கல்ல. திரும்ப எடுத்தன், நீங்க தூக்கல்ல. இவட முகம் நீலமாகத் தொடங்கிட்டு, எனக்குப் பயம் வந்துட்டு" என்றது. பிறகு அழத் தொடங்கியது. "நான் ஊசியப் பிழையாப் போட்டுட்டனா அங்கிள்? அதான் வேலை செய்யல்லையா?"

 புது ஊசி என் பொக்கற்றில். பழையது அந்தப் பிள்ளையின் கையில். தன்னால்தான் சிநேகிதி சாகப்போகிறாள் என்று ஒரு பதினாறு வயதுப் பிள்ளை என் முன்னால் நடுங்கிக்கொண்டு நிற்கிறது. நான் உண்மையைச் சொல்லாமல் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. இரண்டு நிமிடமாக இருக்கலாம். என்னைப் பற்றி நான் வெட்கப்படுகிற நிமிடங்கள் அவைதான். சமோசாக் கடைப் பையனில் இருந்து கந்தோர் பியோன் வரைக்கும் ஒருவரையும் விடாமல் பிழை பிடித்துத் திரிந்த எனக்கு, என் பிழை என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை.

கதவு திறந்தது. டொக்டர் வந்தார், இளம் பெண். "மூச்சு வந்திட்டுது. இப்ப பரவாயில்லை. ஆனால் இண்டைக்கு இரவு முழுக்க வச்சுப் பாக்கவேணும்" என்றார்.  வண்டிக்காரர்தான் என்னைப் பிடித்து வாங்கில் இருத்தினார்.

டொக்டர் அந்தப் பிள்ளையின் கையில் இருந்த ஊசியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இது திகதி முடிஞ்சது. பாத்தீங்களோ?" என்று என்னிடம் கேட்டார்.

"பாத்தனான்" என்றேன். "தெரிஞ்சுதான் குடுத்து விட்டனான்."

டொக்டர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "பழசெண்டாலும் உடன போட்டது நல்லதாப் போச்சு. காத்துக்கொண்டு நிக்காமல் இஞ்ச கொண்டு வந்தது அதைவிட நல்லது. இந்தப் பிள்ளை செய்ததெல்லாம் சரி" என்று கிண்ணியாப் பிள்ளையின் முதுகில் தட்டினார். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தது. நான் எழும்பி அதன் தலையில் கை வைத்து, "நீங்கள் சரியாத்தான் போட்டீங்கள் மகள். பிழை விட்டது நான்" என்றேன். இவ்வளவையும் சொல்ல எனக்கு ஒரு டொக்டர் தேவைப்பட்டார்.

வண்டிக்காரர் போகும்போது இரண்டு செருப்பையும் சோடியாக வாங்குக்குக் கீழே வைத்துவிட்டுப் போனார். அவருடைய பெயரைக்கூட நான் கேட்கவில்லை. நான் கசக்கிப் பிடித்த இடத்தில் அவருடைய சேட்டில் ஒரு தையல் விட்டிருந்தது.

இரவு மனைவி வந்து சேர்ந்தாள். உடைந்த அலுமாரியைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள்.  நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் தாங்கிக்கொண்டேன். தாங்கத்தானே வேண்டும்.

விடியப்புறம் மகள் கண் விழித்தாள். முகம் இன்னும் உப்பியிருந்தது. மனைவி முகம் கழுவப் போன நேரத்தில் நான் கட்டிலுக்குப் பக்கத்தில் போய், அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பெற்ற பிள்ளையிடம் நான் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை. பழைய ஊசியை வைத்த கதையைத் தட்டுத்தடுமாறிச் சொன்னேன்.

அவள் அதிசயப்படவே இல்லை. "எனக்குத் தெரியும் அப்பா. நீங்கள் பைக்குள்ள வச்ச உடனயே எடுத்துத் திகதி பாத்தனான்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரிஞ்சுமோ போனனீங்கள்? ஏன் சொல்லேல்லை மகள்?"

 அவளுடைய குரல் இன்னும் கரகரத்தது. "சொன்னா நீங்கள் புதுசை எடுத்துத் தரமாட்டீங்கள் அப்பா. கத்திப்போட்டு, போகவேண்டாம் எண்டுதான் சொல்லுவீங்கள்."

  அவள் சொன்னது அவ்வளவும் உண்மை. அந்தச் சனிக்கிழமை அவள் வந்து 'அப்பா, இது திகதி முடிஞ்ச ஊசி' என்று சொல்லியிருந்தால், நான் என் பிழையை மறைக்கவே இன்னும் உரக்கக் கத்தியிருப்பேன். பயணத்தை நிறுத்தியிருப்பேன். பிள்ளையின் நன்மைக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லியிருப்பேன். அது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் உயிரைக் காக்கிற ஊசி பழையது என்று தெரிந்தும், வாயை மூடிக்கொண்டு, கையைக் காட்டிவிட்டுச் சந்தோசமாக நடந்து போயிருக்கிறாள்.

அதற்குப் பிறகு அவள் பல இடங்களுக்குப் போய்விட்டாள். திகதி பார்த்த ஊசி அவளுடைய பையில்தான் இருக்கிறது, நான் அதைத் தொடுவதில்லை. நான் பயப்படுவதை விட்டுவிட்டேன் என்று சொன்னால் அது பொய். அவள் வாசல் படலையைத் தாண்டினால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு அடிக்கும். ஆனால் கத்துவதை விட்டுவிட்டேன். போன மாதம் ஒருநாள், "அப்பா, ஒரு சின்னப் பிழை விட்டிட்டன், ஏசாமல் கேளுங்கோ" என்று அவளாகவே வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தபோது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. இறால் அவளுக்கு ஆகாது என்று பன்னிரண்டு வருடம் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான். தன் உயிர்போகிற விசயத்தைக்கூட என்னிடம் சொல்ல என் பிள்ளை பயந்திருந்தாள் என்பதை நினைத்தால், கடற்கரையில் அந்த வெறும் பாயைப் பார்த்தபோது வந்த நடுக்கத்தைவிடப் பெரிய நடுக்கம் இன்றைக்கும் வருகிறது.